ஈட்டிங் டிஸார்டர் வார்டு இன்சார்ஜ்: காவலா, கவனிப்பா?

ஆறு வருடம் பொது மருத்துவ வார்டில் இருந்துவிட்டு, அடுத்த மாதம் ஈட்டிங் டிஸார்டர், அதாவது உணவுண்ணும் கோளாறு உள்ளவர்களுக்கான பிரிவுக்கு இன்சார்ஜ் நர்ஸாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ‘சாப்பிட வைப்பதைத் தவிர அங்கே தலைமை நர்ஸுக்கு என்ன வேலை? காவலாளியாகவும் நர்ஸாகவும் ஒரே ஆள் இருக்க முடியுமா?’ என்பது உங்கள் கேள்வி. போகிற போக்கில், நோயாளிகளோடு நர்ஸும் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் உங்களை உறுத்துவது நடுவில் இருப்பதுதான் என்று தெரிகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முடியும். ஒரே ஒரு நிபந்தனை: சாப்பாட்டு மேசையில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எவ்வளவு சாப்பிட வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள், மீதம் வைத்தால் அடுத்து என்ன, நடுவில் எழுந்து போனால் என்ன என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, நோயாளியோடு உட்கார்ந்து பேசி, எழுதி முடித்திருக்க வேண்டும். மேசையில் இருக்கும் நர்ஸ் அந்தத் தாளில் உள்ளதைச் செய்கிறார், அவ்வளவுதான். காவல் காக்கிற உணர்வு வருவது பெரும்பாலும் விதி தெளிவாக இல்லாத இடத்தில்தான். அங்கே நர்ஸ் தன் சொந்த அதிகாரத்தில் பேச வேண்டியிருக்கிறது, நோயாளியும் அந்த ஆளோடு மோத வேண்டியிருக்கிறது. அந்தத் தாளை உருவாக்குவது, யார் டியூட்டியில் இருந்தாலும் அது ஒரே மாதிரி நடக்கப் பார்த்துக்கொள்வது, நடக்காத நாளில் ஏன் என்று தேடுவது ஆகியவைதான் தலைமை நர்ஸின் வேலை. மருந்தும் கலோரி அளவும் மருத்துவரும் டயட்டீஷியனும் முடிவு செய்வது. கீழே வரும் எண்களை உங்கள் பிரிவின் எழுத்து விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள். அவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

புதிதாக வரும் ஊழியர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, பட்டினி மூளையை என்ன செய்கிறது என்பது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-ல் ஆன்சல் கீஸ் குழுவினர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி கொடுத்துப் பார்த்தார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. அதுவரை சாப்பாட்டைப் பற்றி யோசித்தே இராதவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள், தட்டில் இருப்பதைக் கிளறிக் கலந்து மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிச்சலும் மனச்சோர்வுமாக ஒதுங்கிப்போனார்கள். உங்கள் வார்டில் ஒரு பெண் ரொட்டித் துண்டைக் கடுகளவாகப் பிய்த்து வைக்கும்போது ‘பிடிவாதம்’ என்று எழுதும் நர்ஸ், இதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை எழுத யோசிப்பார். ஆனால் இதையும் எல்லைக்குள்தான் வைக்க வேண்டும். அந்த 36 பேருக்கும் சாப்பிட ஆசை இருந்தது, எடை கூடுமே என்ற பயம் இல்லை. அனோரெக்சியாவில், அதாவது சாப்பாட்டை ஒதுக்கி ஆபத்தான அளவுக்கு மெலியும் நோயில், அந்தப் பயம்தான் நடுவில் இருக்கிறது. ஆகவே எடை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எடை ஏறாமல் மற்ற எதுவும் நிலைக்காது என்பது மட்டும் உறுதி.

முதல் வாரத்தில் உயிருக்கு ஆபத்து வருவது பட்டினியால் மட்டுமல்ல, சாப்பாட்டாலும்தான். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறுகிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போய்விடுகின்றன. இதுதான் ரீஃபீடிங் சிண்ட்ரோம். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மூச்சுத் தசைகள் தளரலாம், வலிப்பு வரலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தெரியும் என்றாலும் பத்து நாள் வரை கண் வைத்திருக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவருக்கு முதல் வாரம் தினமும் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, சேர்க்கும் நாளில் எடுத்த பாஸ்பேட் 3.4 (மி.கி./டெ.லி.) என்று வந்ததும் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவது. அந்த எண்ணால் பயனில்லை. சாப்பிட ஆரம்பித்த பிறகு அது எந்தப் பக்கம் போகிறது என்பதே செய்தி. நேற்று 3.4, இன்று 2.7 என்றால் 2.7 இன்னும் நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போக வேண்டும். மூன்று எண்களையும் நாள்வாரியாக ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தனித்தனி ரிப்போர்ட்டாகக் கோப்பில் செருகினால் இறக்கம் யார் கண்ணிலும் படாது. பொட்டாசியம் கொடுத்தும் ஏறவே இல்லையென்றால் மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லி நினைவூட்டுங்கள். அது சரியாகாமல் பொட்டாசியம் நிற்காது.

தயமின், அதாவது பி1, முதல் சாப்பாட்டுக்கு முன்பே போயிருக்க வேண்டும். அளவு வழிகாட்டுதலுக்கு வழிகாட்டுதல் மாறும்: நாளுக்கு 100 மில்லிகிராமிலிருந்து 300 வரை. வரிசை மட்டும் மாறாது. சுகர் இறங்கியிருக்கிறது என்று டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றும் அவசரத்தில் தயமின் மறந்துபோவது பழைய தவறு. வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு அப்படித்தான் வருகிறது. சுகர் 54-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் அவசரம். பொது வார்டில் இருந்து வருகிறவர்கள் கை நீட்டும் குளுககான் ஊசி (சுகரை ஏற்றும் ஹார்மோன்) இங்கே ஏமாற்றும், ஏனென்றால் கல்லீரலில் அது இளக்குவதற்கு கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை மிச்சம் இல்லை. விடியற்காலையிலும், நன்றாகச் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலும் சுகர் இறங்கலாம் என்பதை இரவு டியூட்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டவருக்கு எப்படி இறங்கும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

பல்ஸ் விஷயத்தில் உங்கள் பழைய பழக்கத்தைத் திருப்பிப்போட வேண்டியிருக்கும். 44 துடிக்கும் நோயாளியைப் பார்த்ததும் மானிட்டரைக் கொண்டுவருவீர்கள், அது சரிதான். விழித்திருக்கும்போது 40-க்குக் கீழே என்றால் மிக அதிக ஆபத்து என்று பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் ராயல் கல்லூரி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் நான்கு நாளாக 46 இருந்தவருக்கு ஐந்தாம் நாள் காலை படுத்த நிலையிலேயே 92 இருந்தால் ‘தேறிவிட்டார்’ என்று எழுதாதீர்கள். பட்டினி உடம்பில் அது தொற்றாக இருக்கலாம், திரவம் மிகுந்து இதயம் திணறுவதாக இருக்கலாம். ஜுரம் வந்தால் தெரிந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. உடம்பு ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது, வெள்ளணுக்களும் குறைவு. நிமோனியாகூட ஜுரம் காட்டாமல் வரும். பி.பி.யையும் பல்ஸையும் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை எடுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை அவசரத்தில் விழுங்கிவிட்டால் இரண்டு எண்களுக்கும் அர்த்தமில்லை. தசை பலத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: மல்லாந்து படுத்திருப்பவர் கையூன்றாமல் எழுந்து உட்கார முடிகிறதா, குந்தியிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா. 0 முதல் 3 வரை மதிப்பெண். நேற்று 2, இன்று 1 என்றால் அது ரத்தப் பரிசோதனை வரும் முன்பே கிடைத்த எச்சரிக்கை.

எத்தனை கலோரியில் தொடங்குவது என்பதில் கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. ரீஃபீடிங் பயத்தால் ரொம்பக் குறைவாகத் தொடங்கி, மருத்துவமனையிலேயே நோயாளி மேலும் மெலிந்த காலம் ஒன்று இருந்தது. 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 முதல் 24 வயதுக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 2000 கலோரியில் தொடங்கி தினமும் 200 கூட்டினார்கள். மற்றதற்கு 1400-ல் தொடங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் 200. அதிகத்தில் தொடங்கியவர்கள் சீக்கிரம் நிலைப்பட்டார்கள், தாது உப்புக் கோளாறு அவர்களுக்குக் கூடுதலாக வரவில்லை. ஆனால் மிக மிக மெலிந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை, அதனால் அதை அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அப்படியே நீட்டிப் பேச முடியாது. நர்ஸ் தரப்பில் இதில் ஒன்றே ஒன்று முக்கியம்: உள்ளே போனது எவ்வளவு என்பதன் துல்லியம். ‘பாதி சாப்பிட்டார்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எந்த டயட்டீஷியனும் மறுநாள் கணக்கை மாற்ற முடியாது. ரொட்டி இரண்டில் ஒன்றரை, பால் 200 மில்லியில் 150, வெண்ணெய் தொடவில்லை என்று பொருள்வாரியாக இருக்க வேண்டும். அதுவும் தட்டை எடுத்துக்கொண்டு போகும் முன், மேசையில் இருந்தவர் கையாலேயே.

எடை பார்ப்பதற்கு வருகிறேன். காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், மருத்துவமனை கவுன் மட்டும் அணிந்து, அதே இயந்திரத்தில். வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் அந்த இரண்டு நாள் மாறக் கூடாது. தினமும் பார்த்தால் நீர் ஏற்ற இறக்கத்தையே எல்லாரும் துரத்திக்கொண்டிருப்பார்கள். ஒரே இரவில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் அது சதையல்ல. நீர்க்கட்டாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், எடைக்கு முன் தண்ணீர் குடித்ததாக இருக்கலாம். சிறுநீரின் அடர்த்தி 1.005-க்குக் கீழே இருந்தால் கடைசியதைச் சந்தேகியுங்கள், அன்றே சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய தண்ணீரால் சோடியம் சட்டென்று இறங்கி வலிப்பு வரும். அதைத் திருட்டுத்தனம் என்று பேசி முடிக்க முடியாது, அது மருத்துவ அவசரம். கேட்கும் விதமும் முக்கியம். ‘தண்ணீர் குடித்தாயா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘எடை பார்க்கிற நாள் காலையில் பயம் அதிகமாக இருக்கும் என்று தெரியும். இன்றைக்கு எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டால் பல நேரம் அவர்களே சொல்வார்கள். எண்ணை நோயாளிக்குக் காட்டுவதா, மறைப்பதா என்பதில் துறைக்குள் ஒருமித்த கருத்து இல்லை. குடும்பத்தை முன்வைக்கும் சிகிச்சையும் அறிவாற்றல்–நடத்தை சிகிச்சையும் எண்ணைக் காட்டிப் பேசுகின்றன. சில உள்நோயாளிப் பிரிவுகள் தொடக்கத்தில் மறைக்கின்றன. எது செய்தாலும், ஒரு நர்ஸ் இரக்கப்பட்டுக் காதில் சொல்வதும் இன்னொருவர் மறைப்பதுமாக மட்டும் இருக்கக் கூடாது.

இனி மேசை. வழக்கத்தில் பல பிரிவுகளில் முக்கியச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், சிற்றுணவுக்கு 15. முடிந்தபின் ஒரு மணி நேரமும் அரை மணி நேரமும் நர்ஸ் கூடவே இருப்பார். இந்த நிமிடங்கள் ஆய்வில் அளந்து கண்டவை என்று யாரும் சொல்ல முடியாது, வழக்கத்தில் நின்றவை. எல்லாருக்கும் ஒரே அளவாக இருப்பதுதான் அவற்றின் பலம். கடிகாரம் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், நர்ஸ் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். சாப்பாட்டின் கலோரி, யாருடைய உடம்பு, அடுத்த மேசைத் தட்டு ஆகியவை மேசைப் பேச்சில் வராது. மற்றபடி சாதாரணப் பேச்சு நடக்க வேண்டும். அமைதியான மேசையைப் போலப் பயங்கரமானது வேறில்லை.

ஒரு நிமிடத்தைக் கிட்டப் பார்ப்போம். இருபத்திரண்டாவது நிமிடம். தட்டில் ஒரு ரொட்டி மிச்சம், பால் தொடாமலே இருக்கிறது. ‘சிஸ்டர், இன்றைக்கு வெண்ணெய் நேற்றைவிட அதிகமாகத் தடவியிருக்கிறார்கள். வேறு மாற்றித் தரச் சொல்லுங்களேன்.’ புதிய நர்ஸ் குனிந்து ரொட்டியைப் பார்ப்பார். பார்த்த அந்த நொடியே பேரம் தொடங்கிவிட்டது. அதிகம் இல்லை என்று வாதாடினாலும் சரி, கொஞ்சம் வழித்துவிடுகிறேன் என்று இறங்கினாலும் சரி, இனி ஒவ்வொரு வேளையும் வெண்ணெய் விசாரணைதான். அனுபவமுள்ளவர் ரொட்டியைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். ‘கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது. வெண்ணெயைப் பற்றி நான்கு மணிக்கு டயட்டீஷியனோடு பேசலாம், குறித்து வைக்கிறேன். இப்போது அடுத்த வாய் எடுங்கள்.’ இவ்வளவுதான் வாக்கியம். பயத்தை ஒப்புக்கொள்கிறது, பேச்சுக்கு இடமும் நேரமும் தருகிறது, மேசையில் எதையும் மாற்றவில்லை. சொன்னபடி நான்கு மணிக்குப் பேச்சு நடந்தாக வேண்டும், இல்லையென்றால் மறுநாள் அதே வாக்கியம் வேலை செய்யாது. ‘நல்ல பெண்ணல்லவா’, ‘எனக்காக ஒரு வாய்’, ‘பாவம், வெளியில் எத்தனை பேர் சாப்பாடில்லாமல்’ ஆகிய மூன்றையும் உங்கள் வார்டில் தடைசெய்துவிடுங்கள். முதல் இரண்டும் சாப்பாட்டை நர்ஸுக்குச் செய்யும் உபகாரமாக்குகின்றன. மூன்றாவது, குற்றவுணர்ச்சியில் ஏற்கெனவே மூழ்கியிருப்பவருக்கு இன்னொரு வாளித் தண்ணீர்.

முப்பது நிமிடம் முடிந்து மீதம் இருந்தால் விடுபட்ட அளவுக்கு ஈடான சத்துப் பானம், அதற்கு ஒரு தனி நேரம். அதுவும் உள்ளே போகவில்லை என்றால் என்ன என்பது தாளில் ஏற்கெனவே இருக்கும். இதில் தவறு நடப்பது கடைசி இரண்டு வாயில். ‘இவ்வளவு சாப்பிட்டாரே, போகட்டும்’ என்று பகல் நர்ஸ் விடுவார்; இரவு நர்ஸ் விடமாட்டார். மறுநாள் காலையில் பகல் நர்ஸ் நல்லவர், இரவு நர்ஸ் கொடுமைக்காரர் என்று வார்டு முழுக்கப் பேச்சு. ‘நோயாளி எங்களைப் பிரித்தாளுகிறார்’ என்று ஊழியர்கள் புகார் கொண்டுவருவார்கள். பிரித்தது விதியில் இருந்த ஓட்டை. நோயாளி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். பயத்தில் இருக்கும் யாரும் கண்டுபிடிப்பார்கள். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் ‘ஒத்துழைப்பு குறைவு’ போன்ற தீர்ப்புகளை எடுத்துவிட்டு, மூன்று விஷயம் கேளுங்கள்: தாளில் இருந்தது எது, நடந்தது எது, வித்தியாசம் எந்த நிமிடத்தில் தொடங்கியது. தற்காலிகமாக வரும் நர்ஸுக்கு ஒரு பக்கத் தாள் கையில் இருக்க வேண்டும், அதைப் படிக்காதவர் மேசையில் உட்காரக் கூடாது. ஆள் குறைவான நாளில் மருந்து வண்டி காத்திருக்கலாம், மேசை காத்திருக்க முடியாது. டியூட்டி பட்டியலைச் சாப்பாட்டு நேரங்களைச் சுற்றிப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரம் மதியச் சாப்பாட்டின் மேல் விழுகிற வார்டில் எந்தத் திட்டமும் நிற்காது.

ரைல்ஸ் ட்யூப், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய், வழியாக ஊட்டுவது கடைசிப் படி. அதைத் தண்டனைபோல மேசையில் சொல்லி மிரட்டக் கூடாது. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு இது ஏறித் தெரியும், அப்போது எக்ஸ்ரே. காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை உங்கள் வார்டுக்குள் விடாதீர்கள், நுரையீரலில் இருக்கும் குழாயும் அதே சத்தம் போடும். நோயாளி சம்மதிக்காதபோது பிடித்துவைத்து ஊட்டுவது, உயிர் போகும் நிலையில், சட்டம் அனுமதிக்கும் வழியில், மருத்துவர் குழு எழுதிய முடிவின்பேரில் மட்டுமே. அப்போது பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், யார் தலையருகில் நின்று பேசுவது, எத்தனை நிமிடம், எந்த அறிகுறியில் நிறுத்துவது என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். முடிந்த பிறகு நோயாளியோடும், தனியாக ஊழியர்களோடும் பேச வேண்டும். பிடித்துவைத்த நர்ஸ் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவதும், அடுத்த வாரம் மரத்துப்போய் வேலைக்கு வருவதும் இரண்டுமே கவலைப்பட வேண்டியவை. இரண்டாவது இன்னும் அதிகமாக.

வாந்தி, பேதி மாத்திரை, ஓயாத உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட உட்காரும் முன்பே கழிவறைக்குப் போய்வரச் சொல்லிவிட்டால், சாப்பிட்ட பிறகான ஒரு மணி நேரத்தில் பாதிச் சண்டை இல்லை. வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் வெளித்தோற்றத்தில் எதுவும் காட்டாமல் இறங்கும், எடை நார்மலாக இருக்கும் புலிமியா (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்ற வழியில் ஈடுகட்டும் நோய்) நோயாளியிலும்தான், இ.சி.ஜி.யைத் தவிர்க்காதீர்கள். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது, தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். அமிலத்தில் இளகிய பற்சிப்பியை பிரஷ் சுரண்டிவிடும். பேதி மாத்திரையை நிறுத்திய சில நாளில் கால் வீங்கி எடை குதிக்கும். உடம்பு உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து விடுபட நாளாகிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘பார்த்தீர்களா, நான் பயந்தது நடந்துவிட்டது’ என்று நோயாளி மாத்திரைக்கே திரும்பிவிடுவார். வேகமாக சலைன் ஏற்றினால் வீக்கம் மோசமாகும். சேர்க்கும்போது மருந்துப் பட்டியலில் மனச்சோர்வு மருந்தான புப்ரோபியான் இருந்தால் உடனே கவனப்படுத்துங்கள். இந்த நோயாளிகளுக்கு வலிப்பு அபாயம் இருப்பதால் அது கொடுக்கப்படுவதில்லை. டைப் 1 சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால், இன்சுலினை வேண்டுமென்றே குறைக்கிறாரா என்று கேட்க மறக்காதீர்கள். அதில் சீக்கிரமே உயிர் போகலாம்.

குண்டாகத் தெரியும் நோயாளியை உங்கள் ஊழியர்கள் அலட்சியமாகப் பார்ப்பார்கள், இதையும் எதிர்பார்த்திருங்கள். குறுகிய காலத்தில் நிறைய எடை இழந்தவர், இன்னும் சராசரிக்கு மேலே இருந்தாலும், மெலிந்தவர் அளவுக்கே பல்ஸ் இறங்கி, தாது உப்பு குலைந்து கிடக்கலாம். எவ்வளவு இழந்தார், எத்தனை வாரத்தில் என்பதைக் கேட்க வேண்டும். இப்போது எவ்வளவு இருக்கிறார் என்பது மட்டும் போதாது. அதேபோல, சாப்பாட்டிலேயே கண் இருப்பதால் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது விட்டுப்போகும். இந்த நோயில் இறப்பவர்களில் கணிசமானவர்கள் பட்டினியால் அல்ல, தற்கொலையால் போகிறார்கள். எடை ஏற ஆரம்பிக்கும் வாரங்கள் நோயாளிக்கு மனதளவில் மிகக் கடினமானவை. உடம்பு பச்சை விளக்கு காட்டும்போது கவனிப்பைத் தளர்த்தும் வழக்கம் அங்கே ஆபத்து.

உங்கள் ஊழியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘நான் இன்றைக்கு டயட்’, ‘நீ இளைத்து அழகாகிவிட்டாய்’ என்ற பேச்சு நர்ஸிங் ஸ்டேஷனில் நடந்தால் படுக்கை வரை கேட்கும். ‘முகம் தெளிந்துவிட்டதே’ என்று அன்பாகச் சொல்வதுகூட நோயாளி காதில் ‘குண்டாகிவிட்டாய்’ என்றுதான் விழும். தோற்றத்தைப் பற்றி எந்தப் பாராட்டும் வேண்டாம் என்று விதி வைப்பது சுலபம். முன்பு இதே நோயிலிருந்து மீண்ட ஒருவர் நர்ஸாக வரலாம். அது தகுதியும் இல்லை, தகுதிக் குறைவும் இல்லை. மேசைக் கடமை அவரை எப்படிப் பாதிக்கிறது என்று தனியாக, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் உட்கார்ந்து எந்த நோயாளி மேல் கோபம் வருகிறது, யாரைக் காப்பாற்றத் துடிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான். வெட்டிய இரண்டு மாதத்தில் லீவு கடிதங்கள் கூடும்.

குடும்பத்தாரைப் பார்வை நேரத்துக்கு மட்டும் உரியவர்களாக வைக்காதீர்கள். பதின்வயதினருக்கு, பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்பச் சிகிச்சைக்குத்தான் இருக்கும் சான்றுகளில் வலுவானது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு முறை மற்றவற்றைத் தெளிவாக முந்தி நிற்கவில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் அம்மாவோ கணவரோ வார்டு மேசையில் நர்ஸோடு இரண்டு மூன்று வேளை உட்கார்ந்து பார்க்கட்டும். அதன்பின் ஒரு வேளை வெளியே, பிறகு ஒரு நாள் வீட்டில், பிறகு வார இறுதி. ஒவ்வொரு விடுப்பும் திரும்பி வந்த அன்றே பேசப்பட வேண்டும். எந்த வேளை தவறியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று. வெளியே யார் வாரா வாரம் எடை பார்ப்பது, எந்த எடைக்குக் கீழே போனால் யாருக்குப் போன் செய்வது என்பதை எழுதி நோயாளியின் கையெழுத்தோடு கொடுங்கள். சரிவு பெரும்பாலும் முதல் ஓராண்டில்தான் வருகிறது, அப்போது பேசி முடிவெடுக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

கடைசியாக, நர்ஸும் சேர்ந்து சாப்பிட வேண்டுமா என்ற கேள்வி. சேர்ந்து சாப்பிட்டால் நோயாளிக்கு இத்தனை கிலோ கூடும் என்று சொல்ல வலுவான சான்று இல்லை. இருந்தாலும் என் பதில், வேண்டும் என்பதே. ஆறு பேர் சாப்பிட ஒருவர் நின்று பார்ப்பது காவல், ஏழாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவது துணை. ஆனால் அதே சாப்பாடு, அதே அளவுக்கு ஒட்டிய அளவு, முழுதாக. சாலட் கிண்ணத்தோடு வந்து உட்காரும் நர்ஸும், ‘எனக்குப் பசியில்லை’ என்று பாதியில் தட்டைத் தள்ளும் நர்ஸும் அன்றைக்கு மேசைக்கு வராமலிருப்பது நல்லது. நோன்பிலோ வயிற்று உபாதையிலோ இருப்பவரை அன்று வேறு வேலைக்கு மாற்றுங்கள், காரணத்தை நோயாளிகளிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நர்ஸின் சாப்பாட்டுச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பதைப் பொறுப்பேற்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாவது மாதம் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வரும்.